உடைந்த குடை என்று ஒரு ஃபைல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நிம்மதிக்குத்தான் குறை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் கவரை எடுத்துத் திருப்பிப் பார். ஒட்டின இடத்தில் பாதி மேல் மடிப்பிலும் பாதி கீழேயுமாக என் கையெழுத்து இருக்க வேண்டும். கோடுகள் ஒன்றோடு ஒன்று சேராமல் விலகி இருந்தால் யாரோ ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி இருந்தால் போனில் அதை உடைத்துச் சொல்லாதே, அங்கே குளிர் எப்படி என்று நான் கேட்கும்போது ரொம்ப மோசம் என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்வேன். தபால் பெட்டிக்கு நானே நடந்து போய் என் கையாலேயே போடப்போகிறேன், இந்த வீட்டில் யாரையும் நம்பிக் கொடுப்பதாக இல்லை. இந்தக் காலத்தில் யார் அம்மா பேப்பரில் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் பேசலாம் என்றால் ஹாலில் உன் அப்பா, பால்கனியில் உன் தம்பி, சமையலறையில் உன் தம்பி பெண்டாட்டி மேடம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காது இருக்கிறது. மெயில் அனுப்பலாம் என்றால் அந்த மெயிலுக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். உன் பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று துணைக்குப் போனேன் அல்லவா, அவள் இப்போது கைத்தடியோடு நடக்கிறாள், பாத்ரூமுக்குத் தனியாகப் போகிறாள், வாய் மட்டும் பழையபடி ஓயவில்லை. அங்கிருந்து திரும்பி வந்த அன்றைக்கே, பையைக்கூட முழுசாகப் பிரிக்காமல், உன்னிடமிருந்து மெயில் வந்திருக்கும் என்று ஆசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மெயில் புரோகிராமைத் திறந்தால் அது திறக்கவில்லை. ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது, இன்ன இடத்தில் இன்ன பெயரில் இருக்கவேண்டிய ஃபைலைக் காணோம் என்றது. ஓகே என்பதைத் தவிர வேறு பொத்தான் கிடையாது. காணோம் என்று அது சொல்லும், சரி என்று நான் சொல்லவேண்டும், அவ்வளவுதான் பேச்சு. நான் சும்மா விடுவேனா, அந்த வாசகத்தை எழுத்து பிசகாமல் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். திரும்பத் திரும்பத் திறந்தேன், திரும்பத் திரும்பக் காணோம். நீ அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து எழுதிய எல்லா மெயிலும் அதற்குள்ளேதானே இருக்கிறது, குட்டி பிறந்த அன்று மாப்பிள்ளை ஒரே ஒரு வரி எழுதினாரே அதுகூட. உன் தம்பி முதலில் போட்டுக் கொடுத்தபோதே சொன்னான், வருகிற மெயிலெல்லாம் நம் கம்ப்யூட்டரில் இறங்கியதும் அங்கே இருப்பது அழிந்துவிடும், இந்த ஒரு ஃபைல்தான் எல்லாமே, இதை மட்டும் அழித்துவிடாதே என்று.

நீ உடனே கேட்பாய், போவதற்கு முன்னால் நீ எதையாவது தொட்டாயா என்று. உன் தம்பியும் அதையேதான் கேட்டான். நான் ஒன்றையும் தொடவில்லை, வழக்கமான பாதுகாப்பு மட்டும் செய்துவிட்டுப் போனேன். உனக்குத்தான் தெரியுமே, உன் அம்மா ஆயுசில் பாதியை ரயில் நிலையத்துத் தொலைந்த பொருள் ஆபீசில் கழித்தவள். அங்கே எங்களுக்கு ஒரு வழக்கம். விலை உயர்ந்த பொருள் வந்தால் சீட்டில் உள்ளபடி எழுத மாட்டோம். தங்கச் சங்கிலி என்று எழுதினால் மறுநாள் சீட்டு மட்டும்தான் இருக்கும். அதனால் சங்கிலியைப் பையில் போட்டு உடைந்த குடை என்று சீட்டு கட்டி, உடைந்த குடைகளோடேயே வைத்துவிடுவோம். எனக்கும் பெரிய அதிகாரிக்கும் மட்டும் தெரியும். நான் இருந்தவரைக்கும் அந்த ஆபீசில் ஒரு மோதிரம் களவு போனதில்லை. அதே முறையில், நான் இல்லாத நேரத்தில் மேடம் தனியாக அந்தக் கம்ப்யூட்டரோடு இருப்பாளே என்று, கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அந்த ஃபைலின் சீட்டை மாற்றி வைத்தேன். என்ன பெயர் என்று இங்கே எழுத மாட்டேன், உனக்கும் சொல்ல மாட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். பொருள் வைத்த இடத்திலேயே வைத்தபடி இருக்கிறது, கனமும் குறையவில்லை. அப்படியிருந்தும் புரோகிராம் காணோம் என்கிறது என்றால் யாரோ புரோகிராமைக் கலைத்துவைத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் திறக்காதபடி ஏதோ செய்துவிட்டு, தான் மட்டும் வேறு வழியில் திறந்து படிக்கிற ஏற்பாடு. அந்த யாரோ யார் என்று நீயே யோசி.

உனக்கு அவளைப் பற்றி நான் எழுதாத வாரம் உண்டா? அந்த மெயில்களையெல்லாம் தனியாக ஒரு ஃபோல்டரில் கட்டுக் கட்டி, அந்தக் கட்டுக்கு மேடம் என்றே பெயர் வைத்திருக்கிறேன். அது அவள் கையில் கிடைத்தால் இந்த வீட்டில் எனக்கு என்ன மரியாதை மிஞ்சும், உன் தம்பி என் முகத்தில் விழிப்பானா, அதுதான் எனக்கு இப்போது பயம். சந்தேகம் என்று சும்மா சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. பாத்ரூம் கதவை அவள் அடைக்கிற அடியில் சுவரே அதிர்கிறது என்று உனக்கு எழுதினேன். அடுத்த வாரமே கதவின் விளிம்பில் கெட்டித் துணியை வெட்டி ஒட்டிவிட்டாள், இப்போது கதவு சாத்துவதே தெரிவதில்லை. வீட்டில் யாரும் அவளிடம் கதவைப் பற்றி மூச்சுவிடவில்லை. நடைவழியில் மங்கல் பல்பைப் போட்டு என்னைத் தடுக்கி விழவைக்கப் பார்க்கிறாள் என்று எழுதினேன், உடனே பளிச்சென்று ஒரு பல்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட, இந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள் மாதிரி இருக்கிறாள், வந்தால் அறைக்குள் போய்விடுகிறாள், ஒரு வார்த்தை பேச்சில்லை என்று எழுதினேன் பார், அந்த வாரத்திலிருந்து தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே வந்து உட்காருகிறாள். உங்க ஆபீஸ்ல அப்புறம் என்ன அத்தை ஆச்சு என்று கதை கேட்கிறாள். நானும் வாய் சும்மா இருக்காமல் சொல்லிக்கொண்டே போகிறேன். திடீரென்று ஒருத்திக்கு மாமியார் மேல் அவ்வளவு அக்கறை எங்கிருந்து வரும்? வேவு பார்க்கிறாள், வேறென்ன. பல் செட்டு செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள், யாருக்கு எந்தப் பல் எங்கே ஆடுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அது போதாதென்று லீவு நாளில் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ போனில் பேசிச் சிரிக்கிறாள். நம்மிடம் பல்லைக் காட்டாதவள் யாரிடம் அப்படிச் சிரிக்கிறாள்? நான் கண்ணாடிக் கதவைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

உன் அப்பாவிடம் சொல்லிப் பயனில்லை. அவருக்குச் செய்தித்தாளில் கட்டம் நிரப்புவதுதான் உலகம். நான் இவ்வளவையும் கொட்டி முடித்தபிறகு நிமிர்ந்து பார்த்து, உன்னைப் போலீசில் சேர்க்காமல் குடையை எண்ண வைத்தது அரசாங்கத்தின் தப்பு என்றார். உன் தம்பி பாவம், வேலையிலிருந்து வந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை அவனுக்கு, ஒரு மெக்கானிக்கை வரச்சொல்லிவிட்டு ஒதுங்கிவிட்டான். வந்தார் அந்த மெக்கானிக், வாசலிலேயே செண்ட் வாசனை அடித்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவருக்கு எதற்கு அவ்வளவு செண்ட்? நான் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டம் வந்ததும் ஓகே அழுத்தினார், அடுத்து ஃபைல் எங்கே என்று காட்டு என்பதுபோல இன்னொரு கட்டம் வந்தது, எனக்கும் வந்து நான் பயந்து மூடினதுதான், அதைப் படிக்கக்கூட இல்லை, மூடிவிட்டார். வேற பேர்ல எங்கயாவது வச்சிருக்கீங்களாம்மா என்று ஒரு வார்த்தை கேட்டார். சீட்டு ரகசியத்தை வெளியாளிடம் சொல்கிற வழக்கம் எங்கள் ஆபீசில் இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள்தானே மெக்கானிக், கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். பிறகு செட்டிங்ஸுக்குள் போய்ப் புதிதாக ஒரு ஃபைலை உண்டாக்கினார். புரோகிராம் திறந்தது. திறந்து என்ன செய்ய, உள்ளே துடைத்துவிட்ட மாதிரி காலி. குடியேறுவதற்கு முன்னால் வீடு பார்க்கப்போவோமே, அந்த மாதிரி இருந்தது. பழசு போனது போனதுதாம்மா, டிஸ்க் கெட்டிருக்கும், பெட்டியைக் கடைக்கு எடுத்துட்டுப் போய்த் தோண்டிப் பார்க்கணும் என்றார். எங்கள் வீட்டுப் பெட்டியை இவர் கடையில் வைத்துத் தோண்டுவாராம், உன் மெயிலையும் என் மெயிலையும் கடையில் இருப்பவர்களெல்லாம் படித்துச் சிரிப்பார்களாம். பெட்டி இந்த வாசலைத் தாண்டாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மேடம் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களா என்று கவனித்தேன், பார்த்த மாதிரித்தான் இருந்தது.

ஆகவே நான் சொல்கிறபடி செய். உன் மெயிலின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்று, குட்டியின் பெயரை வைக்காதே, அதை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். மேடத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ நான் சொல்லும்வரை ஒரு வரி எழுதாதே. அவள் போன் செய்தால் அளந்து பேசு. குட்டிக்கு இருமல் நின்றதா? நிற்காவிட்டால் ஜன்னல் பக்கத்திலிருந்து கட்டிலைத் தள்ளிப் போடு, நீ மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பாய், கட்டிலை மாற்ற மாட்டாய். மாப்பிள்ளை வெறும் வயிற்றில் காபி குடிப்பதை விட்டாரா என்று எழுது. வாசல் பக்கம் சாவி சத்தம் கேட்கிறது, மேடம்தான், நிறுத்துகிறேன்.

மேலே இருப்பது முந்தாநாள் எழுதியது. பேனா மாறியிருப்பதைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே, அந்தப் பேனாவில் மை தீர்ந்தது. எனக்குள்ளும் என்னவோ தீர்ந்த மாதிரி இருக்கிறது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நேற்று அவளுக்கு லீவு. காலையில் நான் அந்தக் காலிப் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்குக் குளித்த ஈரத்தோடு அவள் வந்து, நான் ஒரு தடவை பாக்கட்டுமா அத்தை என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உன் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, பார்க்கட்டுமே, புதிதாக என்ன கெட்டுவிடப்போகிறது என்றார். எழுந்து அவளுக்கு இடம் விட்டேன், ஆனால் தள்ளிப் போகவில்லை. முதலில் வந்த கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள். நான் எழுதிவைத்த தாளைக் கொடுத்தேன். அதை இரண்டு தடவை படித்தாள். அதில் சொல்லியிருந்த இடத்துக்கே போய், அங்கே இருக்கிற ஃபைல்களையெல்லாம் பெரியது மேலே வரும்படி வரிசையாக்கினாள். முதலில் நின்றதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏன் அத்தை, உடைஞ்ச குடை இவ்வளவு கனமா இருக்குமா என்று கேட்டாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெக்கானிக்குக்கு அந்தப் பெயரைப் பார்த்தால் குப்பை என்றுதான் தோன்றியிருக்கும். அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்ட கதை. சாயங்காலம் சாயங்காலம் நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் மறக்கவில்லை. இருந்தாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, சீட்டைத்தான் மாற்றினேன், பொருளை மாற்றவில்லையே, வைத்த இடத்தில்தானே இருக்கிறது, பிறகு ஏன் காணோம் என்கிறது என்று சண்டைக்குப் போனேன். அவள் சாவதானமாகச் சொன்னாள், இது ஆள் இல்ல அத்தை, உள்ள என்ன இருக்குன்னு தொட்டுப் பார்க்காது, பேரை மட்டும்தான் தேடும், நீங்க சீட்டு மாத்தினா உங்க பெரிய அதிகாரிகிட்டயாவது சொல்லுவீங்கல்ல, இதுகிட்ட யாருமே சொல்லலையே என்றாள். உன் அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்படியானால் இந்த வீட்டில் நடந்த திருட்டை நானே செய்து, நானே புகார் கொடுத்து, நானே விசாரித்திருக்கிறேன்.

புரோகிராமை மூடிவிட்டு, தாளில் இருந்த பழைய பெயரையே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ஃபைலுக்கு வைத்தாள். மெக்கானிக் உண்டாக்கின காலி ஃபைலுக்குப் பதில் இதைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று செட்டிங்ஸில் மாற்றினாள். அந்தக் காலி ஃபைலில் இடையே இறங்கியிருந்த உன் மெயில் ஒன்றையும் இங்கே இழுத்துப் போட்டாள், குட்டி பல் விழுந்து நிற்கிற போட்டோ, பார்த்தேன். கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. பிறகு இடது பக்கத்தில் ஒவ்வொரு கட்டாக வந்து நின்றது. மகள் என்று உன்னுடையது, அடுத்தது பெரியம்மா, அடுத்தது கரண்ட் தண்ணீர் ரசீதுகள். உன் மெயில்களைக் கண்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிஷம்தான் அதற்குக் கீழே மேடம் என்று வந்து நின்றது. மேடம் யாரு அத்தை என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். மவுசைப் பிடுங்கி அதை மறைக்கப் போனேன், மறைக்கிறேன் என்று நான் அழுத்தின அழுத்தில் அது திறந்துகொண்டது. என் கையாலேயே திறந்தேன், வேறு யாரும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது, இந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள் என்று நான் தலைப்புப் போட்டு உனக்கு எழுதினது.

அவள் படித்தாள். மேடம் யார் என்று மறுபடி கேட்கவில்லை. நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? உன் அம்மா கேட்பாளா? உனக்கு இது முன்னாடியே தெரியாதா, என் மெயிலைப் படிச்சுத்தானே கதவுல துணி ஒட்டினே, பல்பு மாத்தினே, பக்கத்துல வந்து உட்கார்ந்தே என்று எடுத்தெறிந்து பேசினேன். அவள் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, அதெல்லாம் அண்ணி போன்ல சொன்னாங்க அத்தை என்றாள். அண்ணி என்றால் நீதான். லீவு நாளில் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்துப் பேசுகிறாளே, அந்த மர்ம ஆள் நீதான். சத்தம் கேட்டால் அம்மாவுக்குத் தலைவலி வரும், கேட்கக் கூச்சப்படுவாள் என்று சொன்னாயாமே. அம்மாவுக்குச் சாயங்காலத்தில் கண் மங்கும், நடைவழிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று சொன்னாயாமே. அம்மாவுக்கு உன்னோடு உட்கார்ந்து பேச ரொம்ப ஆசை, ஆனால் அவளாகக் கூப்பிடமாட்டாள், நீயே போய் உட்கார் என்று சொன்னாயாமே. நான் கல்லும் குப்பையுமாக அனுப்பினதையெல்லாம் நீ உட்கார்ந்து மாவு சலிக்கிற மாதிரி சலித்து, நல்லதை மட்டும் அவளிடம் கொடுத்திருக்கிறாய். அவளும் அத்தைக்கு நம் மேல் இவ்வளவு பிரியம், வாய் திறந்து கேட்கத்தான் வெட்கம் என்று நம்பிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், உன்னை மட்டும் சந்தேகப்படவில்லை. உனக்குப் பெரிய சாமர்த்தியம்தான் கண்ணு. நேற்று மத்தியானம் உன் மேல் கோபமாக இருந்தேன், இப்போது இல்லை.

இதைச் சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். எழுந்தவள் நின்று, நான் வாடகைக்கு இருக்கறவ மாதிரியா அத்தை தெரியறேன் என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்கா பதில் சொல்லத் தெரியாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி கேட்டாள். உள்ளே போய் டீ போட்டு, வழக்கம்போல எனக்குத்தான் முதலில் கொண்டுவந்து கொடுத்தாள், தன் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். நேற்றுச் சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. இன்றைக்கு வேலை விட்டு வந்தாள், சாப்பிட்டீங்களா அத்தை என்று கேட்டாள், உள்ளே போய்விட்டாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த நாற்காலி சுவரோரமாக இருக்கிறது. அதை இழுக்கிற கிரீச் சத்தம் எனக்குப் பிடிக்காது, அதையும் உனக்கு எழுதத்தான் இருந்தேன், நல்லவேளை எழுதவில்லை. இப்போது அந்தச் சத்தம் எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் பக்கத்தில் இருக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதே அவள் வராதபோதுதான் தெரிகிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இன்று காலையில் அவள் வேலைக்குப் போனபிறகு அந்த மேடம் கட்டை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். என்ன நாக்கு எனக்கு! ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் செய்தது ஞாபகத்துக்கு வந்தது. மேடம் என்கிற பெயரையாவது மாற்றிவிடலாம் என்று கை போயிற்று, சீட்டை மாற்றிப் பட்டது போதும் என்று முழுக்கட்டையும் அழித்துவிட்டேன். நிச்சயமாகவா என்று புரோகிராம் கேட்டது. உனக்கு எதற்கு அது என்று தோன்றியது, இருந்தாலும் ஆமாம் என்று அழுத்தினேன். உன்னிடம் இருக்கிற நகலையும் அழித்துவிடு. அழித்தாயிற்று என்று ஒப்புக்கு எழுதாதே, எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் நினைத்தேன், வழக்கம்போல நீயே இதை அவளிடம் சலித்துச் சொல்லிவிடுவாய், நான் பேசாமல் இருந்துவிடலாம் என்று. பிறகு, இதையும் நீயே சொன்னால் நான் எதற்கு என்று தோன்றியது. இந்தக் கடிதத்தின் முன்பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் அனுப்பலாம் என்றும் பார்த்தேன். கிழித்தால் அது மறுபடி உடைந்த குடைதான். அவள் வேலைக்குப் போகிற வழியில்தான் தபால் பெட்டி இருக்கிறது. காலையில் இதைக் கவரில் போட்டு, ஒட்டாமல், போகும்போது போட்டுடும்மா என்று அவள் கையில் கொடுக்கப்போகிறேன். உன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கேன், படிச்சிட்டு ஒட்டு என்று சொல்லவும் வேண்டும். வாய் வருமா தெரியாது. வராவிட்டால், எல்லாவற்றையும் பூட்டி வைக்கிற மாமியார் கவரை ஒட்டாமல் கொடுத்தாள் என்பதிலிருந்தே அவள் புரிந்துகொள்வாள், கனத்தைப் பார்த்தே குடை இல்லை என்று கண்டவள்தானே. ஆகையால், முதல் பக்கத்தில் கையெழுத்தைப் பார் என்று எழுதியிருந்தேன் பார், அது இருக்காது, நீ பயந்துவிடாதே. கவர் ஒட்டியிருந்தால் அது அவள் கை ஒட்டினது. படித்துவிட்டு ஒட்டினாளா, படிக்காமல் ஒட்டினாளா என்று நான் கேட்க மாட்டேன், நீயும் போனில் கேட்டு எனக்குச் சொல்லாதே. நாளைச் சாயங்காலம் அந்த நாற்காலியை நானே சுவரோரத்திலிருந்து எடுத்து என் பக்கத்தில் போட்டு வைக்கிறேன்.

குட்டிக்கு என் முத்தங்கள், விழுந்த பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல், எங்கே வைத்தோம் என்று யாரிடமாவது சொல்லியும் வைக்கச் சொல். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவேண்டும். கட்டிலை ஜன்னலைவிட்டுத் தள்ளிப் போடுவதை மறக்காதே.

என்றும் உன்,
அம்மா